இடது காது

கம்பு வந்து அடித்ததுதான் அவளுக்குத் தெரியும். கத்தியது தெரியாது.

பாயின் அடியில் கட்டியிருக்கும் கம்பு. அதன் பெயர் பூம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காற்று பக்கம் மாறினால் அதுவும் பக்கம் மாறும். அரிவாள் வீசுகிற மாதிரி வரும். குனி என்றால் குனிந்துவிட வேண்டும்.

குனி என்று சொல்லியிருக்கிறார்கள். இடது பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

படகின் தரையில் கிடந்தாள். புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. தலைக்கு மேலே பாய் படார் படாரென்று அறைந்துகொண்டிருந்தது.

கோச் ஹெப்சிபா ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் சட்டையைக் கொத்தாகப் பற்றித் தூக்கினார்.

"தொண்ட கிழியக் கத்துறேன். காதுல என்னாத்த வெச்சிருக்க?"

அவள் கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்தாள். காதைப் பற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும்.

முதலில் போன பாய்ப்படகுப் பள்ளியில் உண்மையைச் சொன்னாள். இடது காது கேட்காது. புல்வெளியும் வெள்ளைக் குடைகளும் போட்ட கிளப் அது. அங்கே இருந்தவன் அவள் செருப்பைப் பார்த்தான். பிறகு காதைப் பார்த்தான். பாதுகாப்பு விதி என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டான்.

அடுத்த இடத்தில் காதைப் பற்றி மூச்சு விடவில்லை. மீனவக் குப்பத்துப் பெண் என்றதுமே அந்த மாஸ்டர் உருகிப்போய்விட்டார். உங்கள் ரத்தத்திலேயே கடல் ஓடுமே என்றார். ஒரு போட்டோ எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்றார்.

எழுந்து வந்துவிட்டாள்.

ரத்தத்தில் ஓடுகிறதாம்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள் அப்பா தேசிங்கு சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் படகைத் தள்ளிவிட்டார். தூக்கோடு அலைக்குள் ஓடினாள். விளிம்பைப் பிடித்து ஏறி, உள்ளே வைத்தாள்.

பெண் கால் பட்ட படகுக்கு மீன் படாது. அவர்கள் கரையில் அப்படித்தான்.

துடுப்பின் தட்டைப் பக்கத்தால் அடித்தார். ஒரே அடி. காதுக்குள் என்னவோ கிழிந்தது.

மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தாள் அம்மா. முதலில் படகைக் கழுவினார்கள். காதை அப்புறம்தான் பார்த்தார்கள்.

அந்தப் படகில் எழுதியிருப்பது அவள் பெயர்தான். சிவப்புப் பெயிண்டில், பெரிய எழுத்தில்.

பிறகு காலேஜுக்கு அனுப்பினார்கள். அந்தக் குப்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் பட்டம் வாங்கியதில்லை. கறுப்பு அங்கி போட்ட போட்டோவைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் அப்பா. வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினார். பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, காலை ஒடித்து அடுப்பில் வைப்பேன் என்றார். அதே வாய்தான்.

அவள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு படகைத் தானே ஓட்டிக்கொண்டு போய், அந்தக் கரையில், அந்த ஆள் கண்ணெதிரே, கால் வைத்து இறங்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் வேண்டும்.

இது மூன்றாவது பள்ளி. ஏறிப் பார், பிடித்தால் சேர் என்றிருந்தார்கள்.

"எந்தக் காது?" என்றார் ஹெப்சிபா.

கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவுதான், இதுவும் போயிற்று.

"எடது."

"பொறப்புலயேவா?"

"அடி."

ஹெப்சிபா கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். அது யாருக்கு என்று விளங்கவில்லை. அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளி, சுக்கானைக் கையில் திணித்தார். பாய்க்கயிற்றையும் கொடுத்தார்.

"படிச்ச புள்ளதான? ஏறக்கொள்ளவே சொல்லித் தொலைக்க மாட்ட? இனிமே வாயால சொல்லமாட்டேன். முட்டியில ஒதைப்பேன். ஒதைச்சா குனி."

அவள் கீழே பார்த்தாள். வெள்ளைத் தரையெல்லாம் ரத்தம். உட்காரும் பலகையிலும் திட்டாக இருந்தது.

முழங்காலால் சுக்கானை அணைத்துக்கொண்டு, தண்ணீர் இறைக்கிற டப்பாவை எட்டி எடுத்தாள்.

"மேடம், கழுவிடட்டுமா?"

"என்னாத்த?"

"படக."

"எதுக்கு?"

கேட்டுவிட்டு அந்தத் திட்டின் மேலேயே உட்கார்ந்தார் ஹெப்சிபா.

அவள் டப்பாவைக் கீழே போட்டாள். சேர்வது இங்கேதான்.

காற்று மாறியது. முட்டியில் உதை விழுந்தது. விளையாட்டு உதை இல்லை, எலும்பு வரைக்கும் வலித்தது. குனிந்தாள். கம்பு முடியை உரசிக்கொண்டு போனது.

அடி வருகிறது என்று இதுவரை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொன்னதில்லை.

வடக்கே, அலை உடைகிற இடத்துக்கு அப்பால் அவள் குப்பம் தெரிந்தது. படகின் மூக்கை அங்கே திருப்பினாள். இன்றைக்குக் கரையேற முடியாது, அலை புரட்டிப் போட்டுவிடும், தள்ளியே ஓட்டு என்றார் ஹெப்சிபா. ஏன் அங்கே என்று கேட்கவில்லை.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலில் பாயைப் பார்த்தார்கள். பிறகு சுக்கானில் இருப்பது யாரென்று பார்த்தார்கள்.

ஒருவர் மட்டும் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்தார். கையில் துடுப்பு.

வாய் பெரிதாகத் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது.

கரை அவளுக்கு இடது பக்கம் இருந்தது.

அவள் பாய்க்கயிற்றை இன்னும் இழுத்துப் பிடித்தாள்.