உப்பில்லாத மீன்

“உப்பில்லாம மீனா? யாருக்கும்மா, வீட்டுப் பூனைக்கா?”

அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். தீவில் கரையை ஒட்டி மீன் சுட்டுக் கொடுக்கும் கடைக்காரரின் குரல் அது.

“பூனைக்குத்தாங்க. கொஞ்சம் வசதியான பூனை,” என்றாள் அக்கா.

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு ஒரு மீன் உப்பில்லாமல், மற்றதெல்லாம் வழக்கம்போல் என்று முடிவானது.

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கைவந்துவிட்டது.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மிஷினோடு சேர்த்துப் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். மிச்ச நாளில் ஒன்றைப் பிடித்துத் தீவுக்குப் போய்வந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. காலை எட்டு மணிக்குப் படகு, மாலை ஐந்துக்குத் திரும்பும் படகு. நடுவில் குன்று, கடல், மீன்.

அவள் கணக்கு டீச்சர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஞாயிற்றுக்கிழமையை எட்டுப் பீரியடாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுதுவதற்கென்று வெள்ளைத் தாள் வாங்குவது அவளுக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் அச்சான பழைய தாளின் முதுகில்தான் எழுதுவாள். அப்படி ஒருமுறை, திருத்தாத பரீட்சைத் தாளின் பின்னால் மளிகை லிஸ்ட் எழுதிவிட்டு ஹெட்மாஸ்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஒரு பழக்கம். முன்பக்கத்தை ஒரு வரி விடாமல் படிப்பாள். மூலையில் சிவப்பு மையில் சின்னதாக ஒரு டிக், அதன் கீழே தேதி. அதற்குப் பிறகுதான் அந்தத் தாள் மறு உபயோகத்துக்குப் போகும்.

நாள் முழுவதற்கும் அவளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். பாட்டிலில் நகப்பாலிஷால் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறாள். படகில் ஒரு கோடு. குன்றில் ஏறி இறங்கியதும் ஒரு கோடு. மீனோடு ஒன்றரை.

“எனக்கு இளநீர் ஆகாது, எறால் வறுவல் ஆகாது, மாங்கா ஆகாது. அதெல்லாம் உன் கணக்கு. என் பங்கையும் சேர்த்து நீதான் சாப்பிடணும். எப்படி இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்லணும். ‘நல்லா இருக்கு’ன்னு மொட்டையா சொன்னே, அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்.”

சொன்னதோடு நிற்காமல் தாளிலும் எழுதினாள். பகல் 12.30 - தம்பி, இரண்டு பேர் சாப்பாடு.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபதாவது மாடியில், லிஃப்ட் குழிக்குள் இடுப்பு பெல்ட்டோடு தொங்கிக்கொண்டே டீ குடிப்பவன். பயந்தாங்கொள்ளி என்று என்னை யாரும் சொன்னதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால், என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்துமா என்று பார்த்தார்கள்.

பொருந்தியது.

டாக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார், முழு மனசோடுதான் வந்திருக்கிறீர்களா என்று. கொடுக்க வருகிற எல்லோரிடமும் கேட்பார்களாம். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘பயமா இருக்கு சார்’ என்று வந்துவிட்டது. என்னை யாரும் தடுக்கவில்லை. மனைவிகூட உங்கள் இஷ்டம் என்றுதான் சொல்லியிருந்தாள். வெறும் பயம், அவ்வளவுதான்.

உங்களுடையது சரிப்பட்டு வராது என்று உங்கள் அக்காவிடம் நாங்களே சொல்லிக்கொள்கிறோம், காரணம் வெளியே போகாது என்றார் டாக்டர். சொன்னபடியே செய்தார்.

அன்று சாயங்காலம் அக்காதான் எனக்கு ஆறுதல் சொன்னாள். ஒரே வயிற்றில் பிறந்தும் பொருந்தவில்லை என்றால் நீ என்னடா செய்வாய் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இரண்டு நாளில் அந்த வெட்கமும் போய்விட்டது. பல் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காத மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், வருகிறேன். தீவுக்கு டிக்கெட்டும் நான்தான் எடுத்தேன்.

அக்கா கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தாள். தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் அவளே செருகினாள்.

“நீயே வெச்சுக்கோ. எங்கிட்ட இருந்தா தொலைஞ்சிடும்.”

அக்கா வாழ்க்கையில் எதையும் தொலைத்ததில்லை.

அவள் பாட்டிலைக் கழுவச் சமையலறைக்குள் போனாள். படகு நேரத்தைச் சரிபார்க்கலாம் என்று தாளைப் பிரித்தேன். பின்பக்க அச்சு மங்கலாகத் தெரிந்தது. திருப்பினேன்.

என் பெயர். என் வயது. என் ரத்த வகை. டாக்டர் அன்று எனக்குக் காட்டிய அதே பரிசோதனைத் தாள். இப்படி ஒரு பிரதியை ஆஸ்பத்திரியில் யாரோ கவனிக்காமல் அக்காவின் ஃபைலிலும் வைத்திருக்க வேண்டும். கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. பொருந்துகிறது, தானம் செய்யத் தடையில்லை.

மூலையில் சிவப்பு மையில் சின்னதாக ஒரு டிக்.

கீழே தேதி. மூன்று மாதத்துக்கு முன்னால், அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்த அதே நாள்.

சமையலறையில் குழாய் நின்றது.

“டேய், ஞாயித்துக்கிழமை காலையில ஒண்ணும் சாப்பிடாம வா. ரெண்டு பேர் சாப்பாடு, வயித்துல இடம் வேணும்.”

குரல் எப்போதும்போல்தான் இருந்தது.

“சரிக்கா,” என்றேன்.