அணில் கொண்டுபோன கன்றுகள்

"ஸ்ரீநாத் சார் ஊடா? அதோ, ஊதாப் பூ பூத்துகினு கீது பாரு, அந்த ஊடுதாம்மா."

இஸ்திரி வண்டிக்காரர் கை காட்டிய பக்கம் சுசீலா நடந்தாள்.

திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் நெமிலிச்சேரி இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்கு அவளுக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது.

கையில் கட்டைப்பை. உள்ளே, ஈரத்துணி சுற்றிய ஒரு செடிக்கன்று.

தாய்ச்செடி மகள் எழிலரசி கொண்டுவந்தது. அவள் கல்லூரியில் தாவரவியல் படித்த காலம். ஐரிஸ் குடும்பமாம். இலைகள் வாள் வாளாக, விசிறியை விரித்த மாதிரி நிற்கும். காலையில் பூ திறக்கும். வெளியே மூன்று வெள்ளை இதழ், உள்ளே சுருண்டு மூன்று ஊதா இதழ். சாயங்காலம் பார்த்தால் துவண்டு கிடக்கும். இத்தனை அழகையும் வைத்துக்கொண்டு ஒரு பகல்தானா என்று சுசீலா அலுத்துக்கொள்வாள்.

பூ போன பிறகுதான் வேடிக்கை. அதே காம்பின் நுனியில் ஒரு குட்டிச்செடி முளைக்கும். கனம் தாங்காமல் காம்பு வளைந்து, கொஞ்சம் தள்ளி மண்ணைத் தொடும். தொட்ட இடத்தில் குட்டி வேர்விடும். அதுவரை தாய் பிடியை விடாது.

"நடக்குற செடிம்மா இது" என்று எழில் சிரித்தாள்.

கடைசியில் நடந்துபோனது அவள்தான். ஒரு கைப்பையோடு போய் ஸ்ரீநாத்தைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் நம்மாள் இல்லை என்று அப்பா பாஸ்கரன் வீடு இடிந்துவிழக் கத்தினார். பெண் செத்துவிட்டாள், தலைமுழுகு என்றார். தானும் ஒரு வாளி ஊற்றிக்கொண்டு, சுசீலாவையும் குளியலறைக்குள் தள்ளினார். எழில் வாசப்படியை மிதித்தால் அன்றைக்கு என் பிணத்தைத்தான் பார்ப்பாய் என்றார்.

2019, ஜூலை ஏழு. ஞாயிற்றுக்கிழமை.

சுசீலா பயந்தாள். சொன்னால் செய்துவிடும் மனுஷன். ராணுவ டேங்க் தொழிற்சாலையில் முப்பது வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர், எதிலும் கறார். ரிட்டயரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டுக்குள் எது வந்தாலும் வெள்ளை பெயிண்டில் தேதி போட்டுவிடுவார். வாட்டர் ஃபில்டர், மிக்ஸி ஜார், துடைப்பக் கட்டைகூடத் தப்பாது. ஏழு என்று எழுதினால் அதன் இடுப்பில் ஒரு கோடு இழுப்பார்.

எழில் போன பிறகு சுசீலாவுக்கு இருந்த ஒரே துணை அந்தச் செடிதான். வருடா வருடம் ஒரு கன்று விடும். எழிலுக்குக் கொடுத்தனுப்ப வழி கிடைக்காதா என்று சுசீலா பார்த்துப் பார்த்து வளர்ப்பாள். வேர் பிடிக்கும் நேரத்தில் ஒருநாள் காணாமல்போகும்.

"அணில் கடிச்சிருக்கும்" என்பார் பாஸ்கரன்.

அணில்களை அவள் திட்டாத திட்டில்லை. பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டும் பயனில்லை.

இந்த வருடம் அணிலை முந்திக்கொண்டாள். ஆவடிச் சிநேகிதி சரசா கடைத்தெருவில் எழிலைப் பார்த்து விலாசம் வாங்கி வந்திருந்தாள். சரசா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்று பாஸ்கரனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முப்பத்துநாலு வருடத் தாம்பத்தியத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய். ரயில் முழுக்க, துரோகம் செய்கிறோம் என்றே இருந்தது.

வீடு வந்துவிட்டது.

மதில்மேல் வரிசையாக ஆறு தொட்டிகள். ஆறிலும் அதே பூ. இன்று காலை தன் வீட்டிலும் பூத்திருந்தது. ஒரு தாயின் கன்றுகள் எங்கே இருந்தாலும் ஒரே நாளில் பூக்கும் என்று எழில்தான் சொல்லியிருந்தாள்.

சுசீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கேயோ தேடிப் பிடித்து இதையே வளர்த்திருக்கிறாள். பெண் என்னை மறக்கவில்லை.

அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த எழில் அப்படியே நின்றாள். பிறகு அம்மாவின் தோளுக்குப் பின்னால் தெருவைத் தேடினாள்.

"அப்பா வண்டிய நிறுத்திட்டு வர்றாரா? ஒருவழியா உன்ன சம்மதிக்க வெச்சுட்டாரா?"

சுசீலாவுக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேம்மா. உங்கம்மா மனசு இன்னும் எறங்கல, உன் பேர எடுத்தாலே எழுந்து போயிடறான்னு சொல்லிகினே இருந்தாரு. செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னியாமே? நெஜமாவாம்மா?"

எழில் அழ ஆரம்பித்தாள். சுசீலாவுக்கு அழுகை வரவில்லை.

மெதுவாகத் திரும்பி மதிலைப் பார்த்தாள். தொட்டிகளின் விளிம்பில் வெள்ளை பெயிண்ட். வரிசையின் முதல் தொட்டியில் 21-7-19. ஏழின் இடுப்பில் கோடு.

அந்தத் தேதி, ஜூலையின் மூன்றாம் ஞாயிறு. மூன்றாம் ஞாயிறு என்றால் பாஸ்கரனுக்கு ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டம். ஒரு மாதம் தவறியதில்லை. கூட்டத்தில் டீ நன்றாக இருக்காதே என்று ஃபிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புவாள்.

திறந்த கதவு வழியே கூடம் தெரிந்தது. ஒரு குழந்தை உட்காரும் சின்ன நாற்காலி. அதன் முதுகிலும் வெள்ளையில் ஒரு தேதி.

பையில் போன் அடித்தது. பாஸ்கரன்.

"சரசா வூட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா? எங்க இருக்க?"

சுசீலா பையிலிருந்த கன்றை எடுத்து, ஆறாவது தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சங்கக் கூட்டத்துல."