திருப்பி அடுக்கிய தட்டு

பச்சைத் துணியில் சுற்றிய தட்டை நர்ஸ் மேசைமேல் வைத்ததும் தட்டக்கா எட்டிப் பார்த்தாள்.

அவள் நின்றிருந்தது மேலே, மருத்துவ மாணவர்கள் ஆபரேஷன் பார்க்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். தட்டு அவள் கட்டியது. அதை இனி எட்டித் தொட முடியாது.

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஓர் அறை. கத்தி, கத்தரி, கவ்வி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் கட்டி, நீராவியில் வேகவைக்கும் இடம். ஆறு வருஷமாக இதய ஆபரேஷன் தட்டு முழுக்க அவள் பொறுப்பு. அதனால்தான் தட்டக்கா என்ற பெயர். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலையே இல்லை.

ஒரு ஜன்னல் வழியாகத் தட்டு சுத்தமாகப் போகும். இன்னொரு ஜன்னல் வழியாக ரத்தமாகத் திரும்பி வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. யாரும் கூப்பிட்டுக் காட்டியதும் இல்லை.

நேற்று மத்தியானம் கடிதம் வந்தது. சூப்பர்வைசர் பதவி. சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டு இன்று மாலைக்குள் தரவேண்டும். கூடவே தலையணை கனத்துக்கு ஒரு விதிமுறை ஃபைல்.

ஆசையாகத்தான் பிரித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் இதயத் தட்டின் படம். கருவிகளின் கைப்பிடியெல்லாம் வலப்பக்கம் பார்த்து இருந்தன.

அவளுடைய தட்டில் எல்லாம் இடப்பக்கம் பார்க்கும்.

வரிசையும் அப்படியே தலைகீழ். படத்தில் முதலில் இருந்த கத்தரி அவளிடம் கடைசியில் இருக்கும். ஆறு வருஷம், ஆயிரத்துச் சொச்சம் தட்டு, கை போன போக்கில் அடுக்கித் தள்ளியிருக்கிறாள். சரிபார்க்கிறவர்கள் எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். திசையை எவன் பார்த்தான்?

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு ஒரு மனுஷர் படுத்திருக்க, கருவி எங்கே என்று ஒருத்தி துழாவியிருப்பாள். ஒரு நாளா, இரண்டு நாளா? எத்தனை நிமிஷம் வீணாகியிருக்கும்? அந்த நிமிஷங்களில் யாருக்காவது ஏதாவது... அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இந்த லட்சணத்தில் சூப்பர்வைசர் வேறு. ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, தப்பை ஒப்புக்கொண்டு, கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கே வந்து நின்றாள்.

நர்ஸ் துணியைப் பிரித்தாள்.

இப்போது திட்டுவாள். இப்போது முகத்தைச் சுளிப்பாள். இப்போது எல்லாவற்றையும் திருப்பி அடுக்குவாள்.

ஒன்றும் செய்யவில்லை. எண்ணிப் பார்த்தாள், தலையாட்டினாள், காத்திருந்தாள்.

டாக்டர் நிமிராமல் கையை மட்டும் நீட்டினார். கத்தரி அவர் உள்ளங்கையில் இருந்தது. திரும்ப நீட்டினார். கவ்வி. வாயைத் திறந்து யாரும் எதையும் கேட்கவில்லை. நர்ஸ் தட்டைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

அப்புறம்தான் தட்டக்கா கவனித்தாள். எடுத்துக் கொடுப்பது அத்தனையும் அந்தப் பெண்ணின் இடது கை.

கை போகிற இடத்தில் கருவி இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருந்தது.

ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். முனை மழுங்கி, சண்டை போட்டுச் சாணை பிடிக்க அனுப்பிய கத்தரி. திருகு இறுகிப்போய் எண்ணெய் விட்டுச் சரிசெய்த கவ்வி. பள்ளிக்கூட மேடையில் தன் பிள்ளைகளைப் பார்க்கிற அம்மா மாதிரி அவள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டாள்.

இதயத்தின் வேலையை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு அதை நிறுத்தினார்கள். திரையில் கோடு நேராக ஓடியது. கொஞ்ச நேரம் இல்லை, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அது ஒரு சதைத்துண்டாகச் சும்மா கிடந்தது.

தையல் முடிந்தது. டாக்டர் கையை எடுத்தார்.

ஒரு துடிப்பு. யோசித்து யோசித்து இன்னொன்று. பிறகு நிற்கவே இல்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தினமும் நடந்தது இதுவா! இத்தனை நாள் இதில் நானும் இருந்திருக்கிறேனா! கன்னம் நனைந்ததை அவள் துடைக்கவில்லை.

வெளியே நடைவழியில் நர்ஸ் எதிரே வந்தாள். நெற்றியில் தொப்பியின் தடம். கையில் பதிவேடும் பேனாவும். தட்டக்காவின் நீல அங்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"நீங்க கீழ ஸ்டீம் ரூம்தானே? மூணு ஆஸ்பத்திரில 'வலது கைல பழகிட்டு வா'ன்னு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இங்க வந்த மொத நாள் தட்டைப் பிரிச்சா, எல்லாமே என் கைக்கு ஏத்த மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியே எனக்காக மாத்தி வெச்சிருக்குன்னு நெனச்சு பாத்ரூம்ல போய் அழுதேன்."

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"புது சூப்பர்வைசர் வராங்களாமே. படத்துல இருக்கிற மாதிரிதான் அடுக்கணும்னு சொல்லிடப் போறாங்க. வேணாம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

தட்டக்கா அங்கிப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துச் சுவரில் வைத்து அழுத்தினாள். நர்ஸிடம் பேனாவை வாங்கி, சூப்பர்வைசர் என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

இடது கையால்.

நர்ஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.