நாலாவது ஆள்

"படகுல மொத்தம் எத்தனை பேரும்மா?"

சென்னையிலிருந்து கடலோரக் காவல்படை அதிகாரி போனில் கேட்டார். மரக்காணம் உப்பளத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்த சிவசங்கரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவள் கணவன் மாயவனின் படகிலிருந்து அபாய சிக்னல் வந்திருந்தது. கருவியின் பொத்தானை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். கை தவறிப் பட்டதா, நிஜமான ஆபத்தா என்று உறுதிசெய்ய, பதிவில் இருந்த அவள் எண்ணுக்கு அழைத்தார்கள்.

"கடல்லதான் சார் இருக்காங்க. நேத்து விடியக்காலம் போனாங்க." படகு எங்கே என்ற முதல் கேள்விக்கு அதைத் தயங்காமல் சொல்லியிருந்தாள்.

"லைன்ல இருக்கீங்களா? இங்க மூணு பேர்னு பதிவு இருக்குது."

உப்பு வாரும் பலகையை அவள் கீழே விட்டாள்.

"நாலு பேர் சார்."

"நாலாவது ஆளு பேரு?"

பக்கத்துப் பாத்தியில் வேலை செய்தவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"தட்சணாமூர்த்தி."

அன்று மாலை அந்தப் பக்கம் போன வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று மாயவனையும் இன்னும் இரண்டு பேரையும் தண்ணீரிலிருந்து தூக்கியது. மூவருக்கும் சுயநினைவு இல்லை. படகைக் காணவில்லை.

பதிவில் இருந்த கணக்குப்படி தேடல் அதோடு முடிந்திருக்கும். காவல்படையின் ரோந்துக் கப்பல் கரை திரும்பாமல் அங்கேயே சுற்றியது.

மறுநாள் காலை, ஐஸ் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த நாலாவது ஆள் கிடைத்தான். உயிர் இருந்தது.

சிவசங்கரி கணவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தாள். அங்கே ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போலீஸ் ஜீப் நின்றது.

தட்சணாமூர்த்தி அவளுடைய தம்பி. நான்கு மாதத்துக்கு முன் ஒருவனை வெட்டிவிட்டுத் தலைமறைவானவன்.

அவனைக் கப்பலிலிருந்து போர்வை சுற்றி இறக்கிக் கூட்டிவந்தார்கள். உப்புநீர் பட்டு உதடெல்லாம் வெடித்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் நின்றான். அவள் கொண்டுவந்திருந்த சட்டையை வாங்கிக்கொண்டான்.

அவனை வண்டியில் ஏற்றியதும் இன்ஸ்பெக்டர் அவளிடம் வந்தார்.

"ஏம்மா, ஆறு தடவை வீட்டுக்கு வந்து கேட்டேன். தெரியாது, தெரியாதுன்னே சொன்னியே?"

சிவசங்கரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அவன் தண்ணியில இல்லீங்க சார்."