கழுவி வைத்த புட்டி

அன்றைக்கும் பால் புட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

கம்பெனி விட்டு வந்த அமராவதி கால்கூடக் கழுவவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் புட்டியைத்தான் எடுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டுப் பால் ஒட்டியிருக்கவில்லை.

"பூராத்தையும் குடிச்சானுங்களா அண்ணி?"

"குடிச்சான் கண்ணு" என்றாள் நல்லம்மாள், முகத்தைப் பார்க்காமல்.

பனியன் கம்பெனிச் சங்கு ஊதித்தான் நல்லூருக்குப் பொழுது விடியும் காலம் அது. சங்குக்கு முன்னே எழுந்து அமராவதி தாய்ப்பாலைப் பீய்ச்சிப் புட்டியில் நிறைப்பாள். தண்ணீர்ச் சட்டிக்குள் அதை நிறுத்திவிட்டுப் பிசிறு வெட்டும் வேலைக்கு ஓடுவாள். மத்தியானம் வந்து போகிற தூரமில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்வது புருசனின் அக்கா நல்லம்மாள். பிள்ளை இல்லையென்று புருசன் வீட்டில் அனுப்பிவிட, தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்டவள்.

குழந்தையோ, சாயங்காலம் அம்மாவைக் கண்டதும் நாளெல்லாம் பட்டினி கிடந்ததுபோலப் பாய்ந்து வந்து குடித்தது.

பக்கத்து வீட்டுப் பெரியாத்தாள் சும்மா இருக்கவில்லை.

"எனக்கெதுக்கு வம்புன்னுதான் பாத்தேன். நேத்து மத்தியானம் உன்ர நாத்தனாரு கருவேப்பிலைச் செடியில பாலை ஊத்திக்கிட்டிருந்துச்சு."

"இருக்காதுங்கக்கா."

"ஈரத்துணி எத்தனை விழுதுன்னு பாரு. வயிறு நெறஞ்சுதா இல்லையான்னு அது சொல்லிரும். பெத்திருந்தாத்தானே பசி தெரியும்?"

பார்ப்பதற்குத் துணி ஏது? கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட் துணியெல்லாம் அவள் வருவதற்குள் துவைத்துக் காய்ந்து, மடித்து அடுக்கியிருக்கும்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள்.

"அண்ணி, நூல் கிடங்குத் தராசுல இவனை ஒருக்கா எடை போட்டுப் பாக்கலாமுங்களா?"

நல்லம்மாள் பதறிப்போனாள்.

"வேண்டாங் கண்ணு. கொழந்தையத் தராசுல வெக்கறதுன்னா நேந்துக்கிட்டு முருகன் சன்னதியில வெக்கோணும். நூல் மூட்டை வெக்கறதுலயா வெப்பாங்க? திருஷ்டி பட்டுரும்."

அந்தப் பதற்றம்தான் அமராவதியைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் கரண்ட் இல்லையென்று கம்பெனிக்கு லீவு விட்டார்கள். கிருத்திகையும் அன்றைக்குத்தான்.

"கோயிலுக்குப் போயிட்டு வாரனுங்க அண்ணி" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா?"

"நீங்க செத்த நேரம் படுங்க. தெனமும் இவங்கூட மல்லுக்கட்டறீங்க."

தெருமுனை திரும்பியதும் அவள் கால்கள் கோயில் பக்கம் போகவில்லை.

'முருகா, பொய் சொல்லிப்போட்டேன். பொறுத்துக்கோ. எம்பையன் இளைச்சிருந்தான்னா இன்னையோட வேலைய விட்டுப்போடறேன். அந்தப் பொம்பளை கையில இனி இவனைக் குடுக்க மாட்டேன்.'

நூல் கிடங்கில் எடை போடும் ஆறுச்சாமி மூட்டைக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கொழந்தைய எடை போடோணுமுங்க."

அவர் திரும்பினார். குழந்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க மாப்பளே, வாங்க."

புது முகம் கண்டால் வீல் என்று கத்துகிற பிள்ளை, பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு தராசுச் சங்கிலியை எட்டிப் பிடித்தது.

ஆறுச்சாமி ஆணியில் தொங்கிய பனியன் துணி ஒன்றை எடுத்துத் தட்டில் விரித்தார். ஓரத்தில் நீலநூல் தையல். அமராவதி தன் கையால் போட்ட தையல்.

"இந்தத் துணி..."

"இவனோடதுதானுங்க. இரும்பு சில்லுன்னு இருக்குமுன்னு இங்கயே வெச்சிருக்குறாங்க. வெள்ளிக்கெழமையானா ஒரு அம்மா தூக்கிட்டு வந்துருவாங்க. நீங்க யாருங்க?"

"பெத்தவளுங்க."

ஆறுச்சாமி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அடடா. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னாங்களே."

"என்னத்தைங்க?"

"உங்க மாருல குடிச்சுப் பழகின பையன், ரப்பரக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கறானாமா. கெஞ்சிக் கொஞ்சி ஊட்டினாலும் புட்டியில மிச்சம் வெச்சுருவானாமா. 'எனக்குப் பெத்து வளத்துப் பழக்கமில்லைங்க, போதுமா போதாதான்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தெரியாது, உங்க தராசுதான் சொல்லோணும்'னு வந்து நின்னாங்க. ஒரு வாரம் எடை ஏறலைன்னு இந்த மூட்டை மேலயே உக்காந்து அழுதாங்க. இப்பத்தான் வாராவாரம் ஏறுதுங்க."

தட்டில் கிடந்த பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது. அமராவதிக்குத் தராசு முள் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பார்த்தாள்.

வீட்டு வாசலிலேயே நல்லம்மாள் காத்து நின்றிருந்தாள். குழந்தையைக் கை நீட்டி வாங்கினாள். நெற்றியைப் பார்த்தாள். திருநீறு இல்லை. முதுகில் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா அண்ணி?"

"மிச்சம் வெக்கறான்னு தெரிஞ்சா நீ கவலைப்படுவே. கவலைப்பட்டா இருக்கற பாலும் சுண்டிப்போயிருமே கண்ணு."

பெரியாத்தாள் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, நல்லம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"வெள்ளிக்கெழமைகூட இன்னும் வரலியே... அதுக்குள்ள ஏறியிருந்தானா?"