தோதான ராக்கெட்

கையிலிருந்த டென்னிஸ் ராக்கெட்டை ரெண்டு தரம் காற்றில் வீசிப் பார்த்துவிட்டு, கிருபாசங்கர் உதட்டைப் பிதுக்கினான். "கைக்கு அடக்கமா, ரொம்ப நல்லா இருக்குங்க. வேற காட்டுங்க."

கடைக்காரர் முகமது ரியாஸ் குழம்பிப் போனார். ஆர்.எஸ்.புரத்தில் வருஷக்கணக்காக விளையாட்டுச் சாமான் விற்கிறார். நல்லா இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"நீங்க எப்படி ஆடுவீங்கன்னு சொன்னா, தோதா எடுத்துத் தருவேனுங்க. முன்னால ஏறி அடிப்பீங்களா, பின்னால நின்னு திருப்பிப் போடுவீங்களா?"

"தோக்கோணுமுங்க" என்றான் கிருபாசங்கர். "ஆனா வேணும்னே தோக்கறேன்னு தெரியக்கூடாது."

காலேஜ் படிக்கும்போது அவன் மாவட்ட சாம்பியன். இப்போது கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் உதவி மேனேஜர். முதலாளி வெள்ளியங்கிரி, டாக்டர் சொன்னாரென்று அறுபது வயசுக்கு மேல் டென்னிஸ் பழகியவர். ஞாயிற்றுக்கிழமையானால் ஆபீஸ் ஆட்களைக் கிளப்புக்குக் கூப்பிட்டு ஆடுவார். எல்லாரும் மரியாதையாகத் தோற்றுவிட்டு, டிபன் சாப்பிட்டுப் போவார்கள்.

கிருபாசங்கருக்குத்தான் கை சொன்னபடி கேட்கவில்லை. போன வாரம் தன்னை மறந்து ஒரு பந்தைக் கோட்டோரமாக இறக்கிவிட்டான். முதலாளிக்கு அது எட்டவே இல்லை. ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியாகக் கிடக்கிற நேரம் பார்த்து இப்படி ஆகிவிட்டதே என்று அவனுக்கு அன்றைக்கு டிபன் இறங்கவில்லை.

ரியாஸ் யோசித்தார். தலை கனமான ஒரு ராக்கெட்டை எடுத்து, ஸ்ட்ரிங்கைத் தளர்வாகக் கட்டிக் கொடுத்தார். "இதுல ஓங்கி அடிச்சா வெளிய போயிருமுங்க. உங்க மேல பழி வராது."

அப்படியே நடந்தது. அந்த ஞாயிறு கிருபாசங்கர் உயிரைக் கொடுத்து ஓடினான், ஓங்கி அடித்தான். பந்தெல்லாம் கோட்டைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் தலையில் கை வைத்துக்கொண்டான். முதலாளியோ, ஜெயித்த பாயிண்டைக்கூடக் கண்டுகொள்ளாமல் இவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏனுங்க கிருபா, எத்தனை நாளா வேணும்னே தோக்கறீங்க?"

அவன் ராக்கெட்டைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். "மொத ஆட்டத்துல இருந்துங்க, ஐயா."

"போன வாரம் அந்த ஒரு பந்துலயே தெரிஞ்சு போச்சுங்க. மத்தவங்க தோக்கறது ரோட்டுல போறவனுக்கே தெரியும். நீங்க இன்னிக்குத் தோத்தது நெசமாட்டவே இருந்துச்சு."

நாற்காலி போனது போகட்டும், வேலையாவது மிஞ்சுமா என்று கிருபாசங்கர் தரையைப் பார்த்தான். "தப்புத்தானுங்க, ஐயா."

வெள்ளியங்கிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"நம்ம பெரிய ஆர்டருக்குக் கையெழுத்துப் போடற ஆபீசர், டில்லியில இருந்து புதன்கிழமை எங்கூட ஆட வாராருங்க. அந்த மனுசன் அடிச்சா பந்து வலையே தாண்டாது" என்றார். "எப்படித் தோக்கறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."