கழற்றி மாட்டும் டோ பார்

“வெல்டிங் வெச்சா லாரியையே கட்டி இஸ்துக்கினு போலாம் சார். வேணான்னா எப்டி?”

ஒரகடம் கூட்டுரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாண்டுரங்கனுக்கு மண்டை காய்ந்துவிட்டது. காரின் பின்பக்க பம்பருக்கு அடியில் டோ பார் என்ற இரும்புக் கொக்கி மாட்ட வேண்டும், அதில் ஸ்டாண்டு வைத்து நாலு சைக்கிள் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலையிலிருந்து மூன்று தடவை மாட்டி, மூன்று தடவை கழற்றியாகிவிட்டது.

“அஞ்சு நிமிஷத்துல கழட்டணும்பா. கழட்டிட்டா கார்ல எதையோ மாட்டினதே தெரியக்கூடாது” என்றார் ஜெகதீஷ். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். மேனேஜர்.

“கயட்டி இன்னா சார் பண்ணப் போறீங்க? அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே!”

“சொன்னதைச் செய்ப்பா.”

பாண்டுரங்கன் காருக்கு அடியில் நுழைந்தார். “சாவுகிராக்கி!”

“என்ன சொன்னே?”

“ஸ்பேனரைச் சொன்னேன் சார்... பேசாம கூரை மேல கேரியர் போட்டுக்கங்களேன். அரை மணி நேர வேலை.”

“மேல வெச்சா தூரத்துலேயே தெரியும்.”

“சைக்கிள்தானே சார்? திருட்டுச் சாமானா இன்னா?”

ஜெகதீஷுக்குச் சுருக்கென்றது. “இதோ பாருப்பா. நாளைக்குக் காலைல எங்க எம்.டி. கேட்டுலயே நிப்பார். அவர் கண்ணு முன்னாடி நாலு சைக்கிளும் வந்து சேரணும். சேரலைன்னா என் புரமோஷன் கோவிந்தா! புரியுதா?”

“அட இவ்ளோதானா? ஒரு குட்டியானைல ஏத்தி வுடுங்க சார், நேரா கேட்டுலயே எறக்கிட்டு வந்துருவான்!”

“அந்த டிரைவர் வாயை யாரு மூடறது?”

பாண்டுரங்கன் தலையை வெளியே நீட்டி அவரை ஒரு மாதிரி பார்த்தார். “வம்பு கிம்பு ஒண்ணும் இல்லியே சார்?”

“ச்சே! வேலையைப் பாருப்பா. உள்ள நாலு பேர் உக்காந்தா பின்னாடி சைக்கிள் தரையில இடிக்காதே?”

“இடிக்காது, இடிக்காது!”

சனியன் விட்டால் போதும் என்று, போல்ட்டுக்குப் பதிலாக ஒரு தடித்த பின்னைப் போட்டுக் கொடுத்தார் பாண்டுரங்கன். ஜெகதீஷ் தானே இழுத்துப் பார்த்தார். பின் உருவிக்கொண்டு வந்தது, கொக்கியும் கையோடு வந்தது. சாக்கில் சுற்றி டிக்கிக்குள் வைத்து மூடினார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடிந்தது.

செல்போன் அடித்தது. எம்.டி.தான். ஜெகதீஷ் விறைத்து நின்றார்.

“எல்லாம் ரெடி சார்! தாம்பரத்துலேர்ந்து என் டீம் நாலு பேரும் மிதிச்சே வந்துடறோம்... தேங்க் யூ சார், ‘நோ கார் டே’ நடத்தலாங்கறது என் ஐடியாதானே, நாங்களே கார்ல வந்தா நல்லாவா இருக்கும்!”